குறும்பு வேறு, நக்கல் வேறு

ஜாக்கி சான் கார்ட்டூனை ஆங்கிலத்தில் பார்த்தால் சப்பென்று இருக்கும், தமிழில் பார்த்தால்தான் ருசி என்று இன்றைக்கு இருபத்தைந்து, முப்பது வயதில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2007இல் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கிய பிறகு அதில் தமிழ் பேசிய தொடர்களில் இந்த ஒன்றுக்கு வாய்த்த புகழ் சாதாரணமானதல்ல. மந்திரத் தாயத்துகள், சுவரிலிருந்து முளைக்கும் நிழற்படை, கல்லாய்ச் சமைந்த டிராகன் பூதம், இத்தனைக்கும் நடுவே சொல்பேச்சுக் கேட்காத 11 வயதுச் சிறுமி ஒருத்தி. இந்தக் கலவையைச் சென்னை டப்பிங்காரர்கள் தமிழ்ச் சினிமாக் காமெடி நடையில் பேச வைத்தார்கள். அதுவே அதன் பெருமையும் ஆகிப்போனது. 2025இல் ஷின்சான் படங்கள் தமிழ்க் குரலோடு இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தபோது அதே பாராட்டு மறுபடி தலைதூக்கியது: பிள்ளையை அப்படியே நம்ம ஊர் ஆளாக மாற்றிவிட்டார்கள். ஊரை மட்டும் மாற்றியிருந்தால் எனக்குச் சண்டையில்லை. ஊரை மாற்றுகிற சாக்கில் பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்பதே என் வழக்கு. மூலத்தைவிடத் தமிழ் மேல் என்ற வாதம் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பாடப்புத்தகத் தமிழில் விறைத்து நிற்கும் வசனங்களிலிருந்து சிறுவர் நிகழ்ச்சிகளை விடுவித்தவர்கள் இந்த டப்பிங்காரர்கள். மூச்சு, வேகம், வாயசைவோடு சொல்லைப் பொருத்தும் கைத்திறன் எல்லாம் அவர்களிடம் உண்டு. இலங்கையின் நிவித்திகல போன்ற இடத்திலிருந்து பார்க்கும்போது இன்னொரு நன்மையும் கண்ணில் படும். இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் ஒரு பிள்ளையின் காதில் தமிழ் விழும் இடங்களை விரல்விட்டு எண்ணலாம்: லயத்து வாசல், கோயில், கிட்டத்தில் இருந்தால் தமிழ்ப் பள்ளிக்கூடம். கடைத்தெரு, பஸ், மாணிக்கக் குழி, ஆஸ்பத்திரி எல்லாம் சிங்களம். பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் சிங்களம். தம்பியை மல்லி என்றும் தங்கையை நங்கி என்றும் கூப்பிடுகிற வீடுகளுக்கு, டிஷ் வழியாக ஒரு பூதமும் ஒரு சிறுமியும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு வருவது சிறிய காரியமல்ல. தமிழைக் கற்க வேண்டிய பாடமாக மட்டும் பார்த்த பிள்ளை, அதைச் சிரிக்கிற மொழியாகவும் பார்த்தது. இதற்காக அந்தக் கலைஞர்களுக்கு நன்றி சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் தமிழ் கேட்கும் இடங்கள் குறையக் குறைய, கேட்கிற தமிழின் கனம் கூடுகிறது. சென்னையில் பத்துக் குரல்களில் ஒன்றாக இருக்கும் கார்ட்டூன் குரல், இங்கே மூன்றில் ஒன்று. அதனால் அந்தக் குரல் பிள்ளையை எப்படிப் பேச வைக்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

பிள்ளைகள் செய்யும் கூத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. சேட்டை, குறும்பு, துடுக்கு, வாலுத்தனம், இலங்கையில் குழப்படி. இந்தக் கடைசிச் சொல் எனக்குப் பிடித்தது. பெரியவர்கள் ஒழுங்காக அடுக்கி வைத்ததைக் கலைத்துப்போடுகிறது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு பக்கம் நக்கல், நையாண்டி, எகத்தாளம், குத்தல் என்று வேறொரு குடும்பம். முதல் குடும்பத்துச் சொற்கள் கையையும் காலையும் பார்த்துப் பிறந்தவை. இரண்டாம் குடும்பத்துக்கு வாய் வேண்டும், எதிரே ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் பலவீனம் எங்கே இருக்கிறது என்ற அறிவும் வேண்டும். சேட்டை செய்யும் பிள்ளைக்குத் தான் வேடிக்கையாக இருப்பது தெரியாது. நக்கல் அடிப்பவனுக்கு அது நன்றாகத் தெரியும், கைதட்டலுக்கு இடமும் விட்டுத்தான் பேசுவான். நம் இலக்கியம் இந்த வேறுபாட்டை வெகு காலமாக அறிந்திருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. பெண்பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டைப் பாட்டின் தலைவனான வாண்டு காலால் எற்றிக் கலைக்க வருகிறான். கெஞ்சுவதும் நியாயம் பேசுவதும் அந்தப் பெண்பிள்ளைகளே. அவன் வாயில் கவிஞன் ஒரு சொல்லும் வைப்பதில்லை. அவன் பதிலுக்கு ஒரு வசனம் பேசியிருந்தால் அந்தப் பருவமே செத்திருக்கும்.

இந்த அளவுகோலோடு ஜாக்கி சான் தொடரின் அந்தச் சிறுமி ஜேட் சானைப் பார்க்கலாம். ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, சொந்தக்காரரான ஜாக்கியின் பொறுப்பில் வந்து சேர்ந்தவள். 2000 முதல் 2005 வரை 95 அத்தியாயங்கள் ஓடிய தொடரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகிடி இருக்கிறது. ஜாக்கி ஆபத்தான இடத்துக்குக் கிளம்புகிறார். நீ இங்கேயே இரு என்கிறார். சரி என்கிறாள். கொஞ்ச நேரத்தில் உலகத்தின் வேறொரு மூலையில் அவருடைய பை அசைகிறது. அல்லது ஒரு தூணுக்குப் பின்னால் அந்த ஆரஞ்சுச் சட்டை தெரிகிறது. அந்தப் பகிடி முழுவதும் வெட்டில் இருக்கிறது. சரி என்ற சொல்லுக்கும் அசையும் பைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று படம் காட்டுவதில்லை, யாரும் சொல்வதுமில்லை. பார்க்கும் பிள்ளை அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொண்டு சிரிக்கிறது. தானும் அந்தப் பைக்குள் இருந்திருக்கும் என்று அதற்குத் தெரியும். வெளியே வந்த ஜேடின் முகத்தில் வெற்றிக் களிப்புக்கூடப் பெரிதாக இருக்காது. வந்தேன், அவ்வளவுதான் என்ற முகம். ஜாக்கியின் அலுப்பும் அவளுடைய சாதாரணமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிதான் தொடரின் ஈரம்.

தமிழ் டப்பிங்கின் பழக்கம் அந்த நொடியை விட்டுவைப்பதில்லை. வசனம் எழுதுகிறவருக்கு, பாத்திரத்தின் வாய் திரையில் தெரியும் வரை மூலத்தின் அளவு கட்டாயம். இத்தனை அசைவு, இத்தனை சொல். வாய் தெரியாத இடம் வந்ததும் கட்டு அவிழ்ந்துவிடும். முதுகு காட்டி நிற்கிறாளா, தூரத்தில் ஓடுகிறாளா, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளா, அங்கே என்ன வேண்டுமானாலும் ஏற்றலாம். வடிவேலு பாணியில் ஒரு புலம்பல், கவுண்டமணி பாணியில் ஒரு வெட்டு, நேற்று வந்த படத்தின் பஞ்ச் ஒன்று. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். மூலத்தில் பேசாமல் இருந்த பிள்ளை தமிழில் ஓயாமல் பேசுகிறது என்பதுதான் மொத்தக் கணக்கு. பேசுவதும் என்ன? நான் ஏன் வந்தேன், நீ எப்படி ஏமாந்தாய், பார்த்தாயா என் திறமையை என்று தன் சேட்டைக்குத் தானே உரை எழுதுகிறது. குழப்படி செய்த பிள்ளை திரும்பி நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. கண்ணடித்த அந்தக் கணத்தில் அது பிள்ளை இல்லை. பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்ட நாற்பது வயது நகைச்சுவை நடிகர்.

ஷின்சானில் இந்தச் சேதம் இன்னும் தெளிவாகப் புலப்படும், ஏனென்றால் யோஷிதோ உசுய் 1990இல் வரையத் தொடங்கிய அந்த ஐந்து வயதுப் பையனின் சேட்டையில் பெரும்பகுதி மொழியிலேயே இருக்கிறது. ஜப்பானிய வீடுகளில் வெளியே போய் வருகிறவர் வந்துவிட்டேன் என்று சொல்வார். வீட்டில் இருப்பவர் வந்தாயா, வா என்பார். இரண்டும் மாறாத சடங்குச் சொற்கள். ஷின்சான் வெளியிலிருந்து வரும்போது, வீட்டில் இருப்பவர் சொல்ல வேண்டியதைத் தான் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவான். தாய் திருத்துவாள். அடுத்த நாளும் அதே. இன்னொன்று, தாய் திட்டும்போது அவன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, அவ்வளவெல்லாம் புகழாதே என்ற தோரணையில் நெளிவான். இவை இரண்டும் அறியாமையிலிருந்து பிறந்த பகிடிகள். அவனுக்கு எதிராளி இல்லை. சொல்லின் இரண்டு முனையில் எதைப் பிடிப்பது என்று தெரியாத ஒரு பிள்ளையின் மூளையை நாம் எட்டிப் பார்க்கிறோம். தமிழில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போயிட்டு வாறேன், போயிட்டு வா என்ற சோடி நம் வாசற்படிகளில் தினமும் கேட்கிறது. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும் பையன், வாசலில் நிற்கும் தாயைப் பார்த்து, சரிம்மா, கவனமாப் போயிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போனால் ஷின்சான் தமிழனாகிவிட்டான். பஞ்ச் வேண்டாம், சினிமா வேண்டாம். அதற்குத் தேவை ஒரு தமிழ் வாசற்படியைக் கவனித்த காது. அந்தக் காது இருக்க வேண்டிய இடத்தில் இன்று ஒரு நகைச்சுவைக் காட்சித் தொகுப்பு இருக்கிறது.

மாயம் கலந்த நகைச்சுவைக்கு வந்தால் கேடு இரட்டிப்பாகிறது. பூதமும் பிள்ளையும் சேர்ந்து வரும் கதையில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்குள் ரோதைமுனி இருக்கிறார் என்று நம்பிப் படையல் வைத்த சமூகம் இது. முனிக்கல்லில் ஏறி உட்கார்ந்து காலாட்டும் ஒரு பொடியனைக் கண்டால் கிழவி பதறுவாள். அந்தப் பதற்றம் உண்மையாக இருப்பதால்தான் அவன் காலாட்டல் வேடிக்கை. கிழவியும் சேர்ந்து ஒரு ஜோக் அடித்துவிட்டால், அங்கே ஒரு கல்லும் ஒரு பையனும் மட்டுமே மிஞ்சுவார்கள். ஜாக்கி சான் தொடரில் அந்தக் கிழவியின் இடம் அங்கிளுக்கு. பழம்பொருள் கடைக்காரரான அவர் காய்ந்த பேத்தை மீனைக் கையில் தூக்கிப் பிடித்து, பேய்களை விரட்டும் கன்டோனிய மந்திரத்தை முழு நம்பிக்கையோடு உச்சரிக்கிறார். மந்திரத்தை மந்திரத்தால்தான் வெல்ல முடியும் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமில்லை. பேசி முடித்துப் போனவர் திரும்பி வந்து இன்னும் ஒன்று என்று மறுபடி தொடங்கும்போதும் அவருக்கு அது பகிடியல்ல. உண்மையிலேயே இன்னும் ஒன்று இருக்கிறது. அவருடைய தீவிரம் ஒரு பக்கம், அதே தாயத்தை விளையாட்டுச் சாமானாகப் பார்க்கும் ஜேட் மறுபக்கம். தமிழில் அங்கிளும் பகிடிக்காரர், ஜாக்கியும் பகிடிக்காரர், வில்லனின் அடியாட்களும் பகிடிக்காரர்கள், டிராகன் பூதமான ஷென்டுகூடப் பகிடிக்குத் தப்பவில்லை. எல்லோருக்கும் ஒரே நாக்கு. பயப்பட ஒருவரும் இல்லாத வீட்டில் பேய் என்ன செய்யும்?

இதன் விலையை ஒரே அத்தியாயத்தில் பார்க்கலாம். பழைய புத்தகத்தில் கண்ட ஒரு சின்னத்தை ஜேட் பச்சை குத்தியதுபோல் தன் மேல் பதித்துக்கொள்கிறாள். எல்லாப் பிள்ளையும் மிட்டாய்ப் பொட்டலத்து ஸ்டிக்கரைக் கையில் ஒட்டிக்கொள்வதுபோல. சின்னம் மெல்லப் பரவுகிறது. நிழற்படை அவள் சொல்படி ஆடுகிறது. அவள் தோல் நீலமாகிறது. முடிவில் நிழற்படையின் அரசியாக ஜாக்கிக்கு எதிரே நிற்கிறாள். தொடரின் அருமையான கதைகளில் ஒன்று இது. விளையாட்டாகத் தொட்டது பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறது என்ற அச்சம் அதன் உயிர். அந்த அச்சம் நமக்கு வர வேண்டுமானால், முதல் காட்சியில் பேசும் ஜேடுக்கும் கடைசிக் காட்சியில் பேசும் அரசிக்கும் குரலில் தூரம் இருக்க வேண்டும். எகத்தாளம், ஏளனம், அடுத்தவனைச் சிறுமைப்படுத்தும் நாக்கு எல்லாம் அந்த அரசிக்குரியவை. தமிழில் அவற்றைத் தொடரின் முதல் நாளிலேயே சிறுமிக்குக் கொடுத்தாகிவிட்டது. பிறகு அவள் எதை இழந்து எதுவாக மாறுகிறாள்? தோலின் நிறம் மாறுவது மட்டும்தான் பாக்கி.

தோருவின் கதையும் இப்படித்தான். சுமோ வீரனைப் போன்ற பெரிய உடம்புக்காரன், வில்லனின் அடியாளாக வந்து, பின்னர் மனம் திரும்பி அங்கிளிடம் மாணவனாகச் சேர்கிறவன். அங்கிளைக் குருவே என்று பணிவோடு அழைத்துக்கொண்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு, மந்திரம் கற்கிறான். நேற்றுவரை தன்னைத் துரத்திய அந்த மலையை ஜேட் நண்பனாக ஏற்றுக்கொள்கிறாள். பிள்ளைகளுக்குப் பகை நீண்ட நாள் நிலைப்பதில்லை. தொடரில் நெஞ்சைத் தொடும் இழை எதுவென்றால் இதுதான். தமிழ்ச் சினிமாக் காமெடியின் கையிருப்போ நாம் அறிந்தது. குண்டுக்கு இத்தனை சொல், கறுப்புக்கு இத்தனை, வழுக்கைக்கு இத்தனை என்று உடம்பின் ஒவ்வொரு குறைக்கும் தயாராக வைத்திருக்கும் அகராதி அது. அடிக்கிறவன் ஒருவன், அடிவாங்குகிறவன் ஒருவன் என்ற ஏணியில் ஏறி நின்றே அது சிரிக்கும். அந்த நடையை இரவல் வாங்கினால் ஏணியும் கூடவே வந்துவிடும். ஒரு பெரிய உடம்புக்காரனைக் கண்டதும் அந்த நடைக்குக் கை சும்மா இருக்காது. சிறுமியின் வாயில் அது ஏறும்போது, பகைவனை நண்பனாக்கியவள் உருவக் கேலி செய்கிறவளாக இறங்கிவிடுகிறாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். சிரித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பெரிய நடிகரின் வசனத்தை ஒரு பொம்மை சொல்கிறது என்ற அடையாளம் காணும் சிரிப்பு அது. பண்டிகை நாள் பட்டிமன்றத்தில் பேச்சாளர் ஒரு சினிமா வசனத்தைச் சொன்னதும் எழும் கைதட்டலைப் போன்றது. தெரிந்ததைத் திரும்பக் கேட்ட மகிழ்ச்சி. ஜேடோடும் ஷின்சானோடும் அதற்குத் தொடர்பில்லை. அந்த நடிகரைத் தெரியாத பிள்ளைக்கு அங்கே சிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் படம் மறந்து போகும் காலத்தில் யாருக்குமே ஒன்றுமில்லை. இருபது வருடம் கழித்து இதை நினைத்து உருகுகிறவர்கள் தங்கள் சிறுவயதை நினைத்து உருகுகிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். டப்பிங்கின் தரத்துக்கு அது சாட்சியாகாது என்று மட்டும் சொல்வேன்.

இன்னொரு மறுப்பு இலங்கையிலிருந்தே வரும், அது வலுவானது. உள்ளூராக்கல் தவறென்றால் டைடஸ் தொட்டவத்தவை என்ன சொல்வது? 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களம் கொடுத்தவர் அவர். பக்ஸ் பன்னி முயல் அவர் கையில் ஹா ஹா ஹரி ஹாவா ஆனது; டாப் கேட் பிஸ்ஸு பூசா ஆனது; டாக்டர் டூலிட்டில் தொஸ்தர ஹொந்த ஹித்த ஆனார். சபரகமுவத் தோட்டங்களில் தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றைப் பார்த்தே வளர்ந்தார்கள், ஏனென்றால் தமிழில் அப்படி ஒன்று அவர்களுக்கு இருக்கவில்லை. தொட்டவத்தவும் மூலத்தை மீறித்தானே போனார்? போனார். அவர் எங்கே போனார் என்று பார்க்க அந்தப் பெயர்களே போதும். ஹா ஹா ஹரி ஹாவா என்பதில் ஒரு சினிமா நடிகரின் நிழல் விழவில்லை. சிங்களத்தின் ஓசை மட்டுமே துள்ளுகிறது. ஒரு குழந்தை அந்தப் பெயரைச் சொல்லியே விளையாடலாம். அவர் எடுத்துக்கொண்ட பாத்திரங்களையும் கவனியுங்கள். பக்ஸ் பன்னியும் டாப் கேட்டும் வளர்ந்த எத்தர்கள்; நாக்கால் பிழைப்பு நடத்துகிறவர்கள். நக்கல் அவர்களுடைய தொழிற்கருவி. அதை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பதினொரு வயதுச் சிறுமிக்கும் கொடுக்கலாம் என்பதற்கு அவருடைய உதாரணம் உதவாது.

என்னைத் தடைக்காரர்களோடு சேர்த்துவிட வேண்டாம். ஷின்சான் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்று 2008இல் இந்தியா அதை நிறுத்தியது. வெட்டு ஒட்டோடு அவன் திரும்பி வந்தான். 2013இல் வங்கதேசம் இந்தி பேசும் டோரேமானை நிறுத்தியது, பிள்ளைகள் வங்கமொழியை விட்டு இந்தி பேசுகிறார்கள் என்ற கவலையில். முதலாவது, சேட்டையையே குற்றமாகப் பார்த்த அதிகாரம். எனக்குச் சேட்டை குறைந்துவிட்டது என்பதே முறைப்பாடு. இரண்டாவது வேற்று மொழி பற்றிய பயம். இங்கே வருவது எங்கள் மொழி. அது சென்னைத் தமிழ், மலையகத் தமிழ் இல்லை என்ற குறையையும் நான் இங்கே தூக்கப்போவதில்லை. அப்பாயி, அம்மாயி, காம்பரா, பிள்ளைமடுவம் என்று பேசும் ஜேடைக் கேட்க ஆசைதான். கேட்காவிட்டாலும் சாக மாட்டோம். சென்னைத் தமிழிலேயே ஒரு பிள்ளையைப் பிள்ளையாகப் பேச வைக்கலாம். சென்னையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நோய் டப்பிங்கில் தொடங்கியதுமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிஞ்சில் பழுத்தது என்று பேச்சு வழக்கில் ஏசுவோம். திரையில் அதே பழத்துக்குக் கைதட்டுவோம். தமிழ்ப் படத்துக் குழந்தை நெடுங்காலமாகப் பெரியவர்களின் வசனத்தைக் குறுகிய உயரத்திலிருந்து பேசி வந்திருக்கிறது. காதலுக்குத் தூது போகும், கணவன் மனைவியைச் சேர்த்துவைக்கும், தத்துவம் சொல்லும். 1990இல் வந்த அஞ்சலியில் அநேகமாகப் பேச்சே இல்லாத ஒரு குழந்தையை மணிரத்னம் நடுவில் வைத்தார். அந்தக் குழந்தையாக நடித்த ஷாமிலிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில்கூடச் சுற்றியிருந்த சிறுவர்கள் வயதுக்கு மீறிப் பேசினார்கள் என்பது வேறு விஷயம். 1984இல் கேரளத்தில் ஜிஜோ புன்னூஸ் இயக்கிய, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான மை டியர் குட்டிச்சாத்தான் இதற்கு நல்ல மாற்று. மந்திரவாதியின் அடிமையான குட்டிப் பேய் மூன்று பிள்ளைகளோடு சிநேகமாகிறது. அது மதுவையும் குடிக்கும். தண்ணீர் குடிப்பதுபோல் குடிக்கும். அதில் ஒரு கண்ணடிப்பு இல்லை. அதனால் அது கடைசிவரை பிள்ளையாகவே இருக்கிறது. குடிக்கிற பேயைப் பிள்ளையாக நம்ப முடிகிறது, பஞ்ச் பேசுகிற பிள்ளையை நம்ப முடியவில்லை.

பேசாத பிள்ளைக்கு இன்னோர் உதாரணம், ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் மை நெய்பர் டோடோரோ. 1988இல் வந்தது. நான்கு வயது மேய், அடி ஓட்டையான ஒரு வாளிக்குள் தலையை விட்டுப் பார்க்கிறாள். அதன் வழியாகப் புல்லில் ஒரு கருவாலிக் கொட்டை தெரிகிறது. பொறுக்குகிறாள், அடுத்தது, அதற்கடுத்தது. இரண்டு வெள்ளைக் காதுகள் புல்லுக்குள் நகர்கின்றன. பின்னாலேயே போகிறாள், வீட்டுக்கு அடியில் எட்டிப் பார்க்கிறாள், புதருக்குள் தவழ்கிறாள், கடைசியில் ஒரு மரப்பொந்துக்குள் உருண்டு, தூங்கும் பெரிய வயிறு ஒன்றின் மேல் போய் விழுகிறாள். இவ்வளவு தூரமும் பேச்சு என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. நீ யார் என்று கேட்கிறாள். அது கர்ஜிக்கிறது. அந்தக் கர்ஜனையில் அவளுக்கு டோடோரோ என்று கேட்கிறது. படக்கதைப் புத்தகத்தில் வந்த பூதத்தின் பெயரைத்தான் பிள்ளை இப்படித் திரித்துச் சொல்கிறதோ என்று அக்காள் பிறகு யோசிக்கிறாள். ஒரு பிள்ளையின் காதுப் பிழை ஒரு தெய்வத்துக்குப் பெயராகிவிட்டது. இந்தக் காட்சி இன்றைய நம் டப்பிங் மேசைக்கு வந்தால், புல்லில் நடக்கும் முதுகையும், வாளிக்குள் போன தலையையும் பார்த்து எத்தனை வெற்றிடம் என்று எழுதுகிறவர் மகிழ்ந்து போவார் என்றே நினைக்கிறேன். கர்ஜனைக்கும் ஒரு வசனம் எழுதிவிடுவார்.

இனிவரும் நாட்களில் ஜப்பானியப் படங்கள் தமிழில் கூடத்தான் போகின்றன, எழுதுகிறவர்களும் திறமையானவர்கள். அவர்களிடம் செந்தமிழ் கேட்கவில்லை, மூலத்துக்கு அடிமையாக இருக்கவும் சொல்லவில்லை. போயிட்டு வாறேன் போன்ற சொற்களைத் தேடுங்கள், நம் வீடுகளில் நிறையக் கிடக்கின்றன. சினிமாவை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். ஜாக்கி இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனதற்கும், அந்தப் பை அசைவதற்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி இருக்கும். அங்கே யாரும் பேச வேண்டாம்.